பத்துக்கு மூன்று முறை ஃபிளாஷ் அடிக்கவில்லை: எந்த ட்ரிக்கர் வாங்கலாம்?

கேள்வி: ஆரம்பநிலை டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருக்கிறேன். ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றி, ஸ்டாண்டில், வெளிச்சத்தைப் பரப்பும் குடையோடு வைத்து ஆள் படங்கள் எடுத்துப் பழகுகிறேன். தள்ளி இருக்கும் ஃபிளாஷைக் கம்பியில்லாமல் அடிக்கவைக்கும் ரேடியோ ட்ரிக்கர்களில், இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்றை வாங்கினேன். பத்து முறை அழுத்தினால் மூன்று முறை லைட் அடிப்பதில்லை. இரண்டாவது ஃபிளாஷ் வாங்கும் எண்ணமும் இருக்கிறது. அதிகம் செலவழிக்க முடியாது. நம்பி வாங்கக்கூடிய ட்ரிக்கர் எது? டிடிஎல் (பவரைக் கேமராவே முடிவு செய்வது), எச்எஸ்எஸ் (அதிவேக ஷட்டரிலும் ஃபிளாஷ் அடிப்பது) எல்லாம் எனக்குத் தேவையா? வீட்டில் கிடக்கும் ஃபிலிம் காலத்து ஃபிளாஷையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: பத்தில் ஒன்றுகூட அடிக்காவிட்டால் கோளாறைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடலாம். பத்துக்கு மூன்று என்பதுதான் ஆளைப் படுத்தும். எந்த மூன்று என்று தெரியாது. எதிரில் நிற்பவர் தன்னை மறந்து சிரித்த அந்த ஒரு ஃபிரேம் இருட்டாக வந்து நிற்கும். திரும்பச் சிரிக்கச் சொன்னால் அந்தச் சிரிப்பு வராது. அதனால் உங்கள் கேள்வியைக் கொஞ்சம் விரிவாகவே எடுத்துக்கொள்கிறேன்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தனியாக ட்ரிக்கர் தேடாதீர்கள். சிக்னலை வாங்கும் ரேடியோ ரிசீவர் உள்ளேயே இருக்கிற, பவரை நாமே கையால் வைக்கும் மேனுவல் ஃபிளாஷ் ஒன்றும், கேமராவில் மாட்டிச் சிக்னல் அனுப்ப அதே கம்பெனியின் டிரான்ஸ்மிட்டர் ஒன்றும் வாங்குங்கள். குறைந்த செலவில் நம்பகத்தன்மை கிடைப்பது இந்த வழியில்தான்.

காரணம் எளிது. இப்போது உங்கள் கேமராவிலிருந்து ஃபிளாஷுக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். கேமராவின் ஹாட் ஷூ (தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்), டிரான்ஸ்மிட்டரின் கால் (அதில் செருகும் அடிப்பகுதி), அதன் பேட்டரி, காற்றில் போகும் சிக்னல், ரிசீவர், ரிசீவரின் பேட்டரி, ரிசீவரின் மேல் இருக்கும் ஷூ, ஃபிளாஷின் கால், ஃபிளாஷின் பேட்டரி. ஒன்பது இடம். ஒன்று சொதப்பினாலும் படம் இருட்டு. ரிசீவர் ஃபிளாஷுக்குள்ளேயே இருந்தால் நடுவில் மூன்று இடம் ஒரேயடியாகப் போய்விடும்: ரிசீவருக்கென்று தனி பேட்டரி இல்லை, அதன் ஷூ இல்லை, அதில் செருகும் கால் இல்லை. மலிவு ட்ரிக்கர்கள் அதிகம் தகராறு செய்வதும் இந்த மூன்று இடங்களில்தான். ரேடியோ சர்க்யூட் பெரும்பாலும் ஒழுங்காகவே வேலை செய்யும்.

இதை நான் அனுபவித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு குழுப் படம் எடுக்க வேண்டிய நாளில் வரிசையாக லைட் தப்பியது. சேனலை மாற்றினேன், பேட்டரியை மாற்றினேன், கடைசியில் ட்ரிக்கரையே மாற்றினேன். அப்போதும் தப்பியது. பிறகு ஃபிளாஷைக் கையில் எடுத்து ரிசீவரோடு சேரும் இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. ஸ்டாண்டின் தலையைக் குடைக்காகச் சாய்த்திருந்தேன். அந்தச் சாய்வில், ஃபிளாஷின் கனம் அதன் காலை ஷூவிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் போல வெளியே இழுத்திருந்தது. நடுவில் இருக்கும் சின்னப் பித்தளைப் புள்ளி ரிசீவரின் தொடுமுனையை விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றில் குடை அசையும்போதெல்லாம் தொடர்பு விட்டு விட்டு வந்திருக்கிறது. காலை முழுக்க உள்ளே தள்ளிப் பூட்டை இறுக்கியதும், அன்று முழுக்க ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஆகவே, புதிதாக வாங்கும் முன் இருப்பதை ஒருமுறை சோதித்துவிடுங்கள். ஃபிளாஷின் கால், கேமரா ஷூ, ரிசீவர் ஷூ மூன்றிலும் உள்ள உலோகப் புள்ளிகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். ஃபிளாஷில் ஸ்டாண்ட்பை அல்லது ஸ்லீப் என்று ஒரு வசதி இருக்கும். சில நிமிடம் சும்மா இருந்தால் தானே தூங்கிவிடும். பல மலிவு ட்ரிக்கர்களால் அதை எழுப்ப முடியாது. அதை அணைத்துவிடுங்கள். பேட்டரிகளில் புதியதையும் பழையதையும் கலக்காதீர்கள். ஃபிளாஷுக்கு நல்ல நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி போடுவது நல்லது. ஒன்றுக்கு 1.2 வோல்ட்தான் என்றாலும், ஆல்கலைனைவிட வேகமாக மின்சாரம் கொடுக்கும். அடுத்த வெளிச்சத்துக்கு ஃபிளாஷ் சீக்கிரம் தயாராகும்.

அந்தத் தயாராகும் நேரத்தைப் பலர் கவனிப்பதில்லை. முழு பவரில் அடித்த ஃபிளாஷ் மறுபடி நிரம்பச் சில விநாடிகள் பிடிக்கும். அதற்குள் அழுத்தினால் லைட் வராது, வந்தாலும் மங்கலாக வரும். பழி ட்ரிக்கர்மேல் விழும். பவரை நான்கில் ஒன்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் தயார் விளக்கு எரிந்த பிறகு அழுத்திப் பாருங்கள். மூன்று தப்பல்களும் காணாமல் போய்விட்டால் உங்கள் ட்ரிக்கர் நல்ல ட்ரிக்கர்தான்.

இன்னொன்று: கேமராவை எலக்ட்ரானிக் சைலன்ட் ஷட்டரில் வைத்திருந்தால் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷுக்குச் செய்தியே அனுப்பாது. கேனான் டிஎஸ்எல்ஆர்களில் லைவ் வியூவில் (பின்திரையைப் பார்த்து) எடுக்கும்போது, சைலன்ட் ஷூட்டிங் ஆனில் இருந்தால் வேறு கம்பெனி ஃபிளாஷ் அடிக்காது. அதை மெனுவில் அணைக்க வேண்டும்.

சரி, இதையெல்லாம் பார்த்த பிறகும் தப்புகிறது என்றால் மாற்ற வேண்டியதுதான்.

சந்தையில் இரண்டு அலைவரிசைகளில் ட்ரிக்கர்கள் கிடைக்கும். பழைய, மிக மலிவானவை 433 மெகாஹெர்ட்ஸ். கார் சாவி ரிமோட்டுகள் பலவும் இதே இடத்தில்தான் பேசுகின்றன. புதியவை கிட்டத்தட்ட எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ், வைஃபையும் புளூடூத்தும் உள்ள அதே வீதி. நெரிசல் அதிகம் என்றாலும் நான் 2.4 பக்கம்தான். இதில்தான் ஃபிளாஷின் பவரைக் கேமராவிலிருந்தே கூட்டிக் குறைக்கவும், பல ஃபிளாஷ்களைக் குரூப்பாகப் பிரிக்கவும் வசதியுள்ள புதிய செட்டுகள் வருகின்றன. ஒரு பலவீனம் உண்டு: இந்த அலையை மனித உடம்பு நன்றாக மறைக்கும். பெரிய கூட்டத்துக்குப் பின்னால் ஃபிளாஷைத் தாழ்வாக வைத்தால் தப்பும். ஸ்டாண்டைத் தலைக்கு மேல் உயர்த்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். வைஃபை நெரிசல் இருக்கும் கூடத்தில் சேனலை மாற்றிப் பாருங்கள்; அடுத்த எண்ணுக்குப் போகாமல் தள்ளிப் போங்கள். காலியான சேனலைத் தேடித் தரும் ஸ்கேன் வசதியும் சில டிரான்ஸ்மிட்டர்களில் இருக்கிறது.

அட்டையில் '100 மீட்டர்' என்று போட்டிருப்பது திறந்த வெளிக் கணக்கு. நீங்கள் ஆள் படம் எடுப்பது ஐந்தாறு மீட்டருக்குள்தானே? அதைப் பார்த்து அதிகம் கொடுக்காதீர்கள். வேடிக்கை என்னவென்றால், ரொம்பப் பக்கத்தில் வைத்தாலும் சில ட்ரிக்கர்கள் தப்பும். கோடாக்ஸ் கம்பெனியின் எக்ஸ்ப்ரோ டிரான்ஸ்மிட்டர் போன்றவற்றில் 0–30 மீட்டர், 1–100 மீட்டர் என்று இரண்டு தூர அமைப்புகள் இருப்பதே இதற்காகத்தான். ஃபிளாஷை ஒரு கையிலும் கேமராவை மறு கையிலும் பிடித்து எடுப்பவர்கள் 0–30ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி டிடிஎல். கேமராவே ஒரு முன்வெளிச்சம் அடித்துப் பார்த்து, பவரைத் தானே முடிவு செய்வதுதான் டிடிஎல். ஆளும் நீங்களும் நகர்ந்துகொண்டே இருக்கும் நிகழ்ச்சிகளுக்கு அது உதவும். ஸ்டாண்டில் நிற்கும் லைட்டுக்கும், நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளுக்கும் நடுவே தூரம் மாறுவதில்லை. ஒருமுறை மேனுவலில் சரி செய்தால் நூறு படமும் ஒரே அளவில் வரும். நீங்கள் பழகுகிற கட்டத்தில் மேனுவல்தான் நல்ல ஆசிரியர் என்பது என் உறுதியான எண்ணம். டிடிஎல்லுக்காக இப்போது செலவழிக்க வேண்டாம். அந்தப் பணத்தில் இரண்டாவது ஃபிளாஷ் வாங்கலாம்.

எச்எஸ்எஸ் விஷயம் வேறு. அதைப் புரிந்துகொள்ள ஷட்டரைப் பார்க்க வேண்டும். உங்கள் கேமராவின் ஷட்டரில் இரண்டு திரைகள். முதல் திரை திறந்து முடிந்த பிறகு, இரண்டாம் திரை மூடத் தொடங்கும் முன், சென்சார் முழுதும் திறந்திருக்கும் ஒரு சிறு இடைவெளி உண்டு. அதற்குள் ஃபிளாஷ் அடித்து முடிக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்கும் அதிக வேகம்தான் சின்க் ஸ்பீடு. ஆரம்பநிலைக் கேமராக்களில் பொதுவாக 1/200. அந்த வேகத்தில் மொத்த நேரமே 5 மில்லிசெகண்ட். திரைகள் ஓடுவதற்கே அதில் பெரும்பகுதி போய்விடும். மலிவு ட்ரிக்கர் செய்தியைக் கொஞ்சம் தாமதமாகக் கொடுத்தால், இரண்டாம் திரை இறங்கத் தொடங்கியிருக்கும். படத்தின் அடியில் ஒரு கருப்புப் பட்டை விழும். அப்படி விழுந்தால் 1/160க்கு வாருங்கள்; 6.25 மில்லிசெகண்ட் ஆகிவிடும், பட்டை போய்விடும். ட்ரிக்கரைக் குறை சொல்ல இது ஒன்றும் பெரிய விஷயமில்லை.

எச்எஸ்எஸ் இந்தச் சின்க் வேகத்தைத் தாண்டுவதற்கான வழி. ஃபிளாஷ் ஒரே அடியாக அடிக்காமல், திரைகளுக்கு நடுவிலுள்ள பிளவு சென்சாரைக் கடந்து முடியும்வரை பட படவென்று தொடர்ந்து துடிக்கும். விலை என்ன? வெளிச்சம். இரண்டு ஸ்டாப் போல, அதாவது நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேகம் கூடக் கூட இன்னும் குறையும். பட்டப்பகலில், லென்ஸை நன்றாகத் திறந்து, பின்னணியை மங்கலாக்கி ஆள் படம் எடுக்கிறவருக்கு எச்எஸ்எஸ் தேவை. அறைக்குள் எடுப்பவருக்குத் தேவை இல்லை. உங்கள் கடிதத்தில் வெளிப்படம் பற்றிப் பேச்சில்லை. ஆனாலும் பின்னால் கேட்பீர்கள் என்று நினைத்துத்தான் கீழே எச்எஸ்எஸ் உள்ள செட்டை முதலில் வைக்கிறேன்.

கோடாக்ஸ் டிடி600. மேனுவல் ஃபிளாஷ், 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவர் உள்ளேயே. கேமராவின் தலையில் மாட்டினால் இதற்கு எச்எஸ்எஸ் கிடையாது. ஆனால் ரேடியோ மூலம் தள்ளி வைத்து அடித்தால் எச்எஸ்எஸ் கிடைக்கும். உங்களுக்கு வேண்டியதும் தள்ளி வைப்பதுதான். இதற்கு எக்ஸ்2டி அல்லது எக்ஸ்ப்ரோ டிரான்ஸ்மிட்டர். பட்டன்கள் பெரிதாகவும் குரூப்புகள் ஒரே பார்வையில் தெரியும்படியும் இருப்பது எக்ஸ்ப்ரோவில். எக்ஸ்2டியின் தலையில் இன்னொரு ஷூ இருக்கும். டிரான்ஸ்மிட்டர் மட்டும் உங்கள் கேமராவின் கம்பெனிக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: கேனானுக்கு ஒன்று, நிகானுக்கு ஒன்று, சோனிக்கு ஒன்று. நாளைக்கு டிடிஎல் வேண்டும் என்று தோன்றினால் டிடி685 அல்லது லித்தியம் பேட்டரியுள்ள வி860 வரிசையை இதே டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்துக்கொள்ளலாம். பழைய டிடி600 வீணாகாது.

யோங்நுவோ ஒய்என்560 நான்காம் பதிப்பும் ஒய்என்560 டிஎக்ஸ் டிரான்ஸ்மிட்டரும் இன்னொரு நல்ல சேர்க்கை. பவரைத் தூரத்திலிருந்தே மாற்றலாம். எச்எஸ்எஸ் இல்லை. அறைக்குள்ளேயே வேலை, இன்னும் சிக்கனமாக முடிக்க வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். பழையதாகக் கைமாறும்போதும் நன்றாகக் கிடைக்கும்.

பாக்கெட்விசார்ட் ஒரு காலத்தில் தொழில்முறைக்காரர்களின் பெயர்பெற்ற ட்ரிக்கர், இன்றும் உறுதியானது. கேனான் 2012இல் 600இஎக்ஸ்-ஆர்டியோடும், நிகான் 2016இல் எஸ்பி-5000த்தோடும் சொந்தமாக ரேடியோவை ஃபிளாஷுக்குள் கொண்டுவந்தன. அவை உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே.

இரண்டு வேறு கம்பெனிச் செட்டுகளைக் கலக்காதீர்கள். எல்லாம் 2.4தான் என்றாலும் ஒன்றின் பேச்சு மற்றதற்குப் புரியாது.

வாங்கும் முன் உங்கள் கேமராவின் ஹாட் ஷூவைப் பாருங்கள். நடுவில் பெரிய வட்டப் புள்ளி ஒன்று இருக்க வேண்டும். கேனான் 1500டி, 3000டி, 200டி இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் அது எடுக்கப்பட்டுவிட்டது. நடுப்புள்ளியை மட்டும் நம்பும் மேனுவல் ட்ரிக்கர் எதுவும் அவற்றில் அடிக்காது. உங்களுடையதில் பத்துக்கு ஏழு அடிக்கிறது என்பதால் புள்ளி இருக்கிறது என்று தெரிகிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்த மாடல்கள் இருந்தால், கேனானின் டிடிஎல் மொழி பேசும் டிரான்ஸ்மிட்டரை உங்கள் கேமராவிலேயே மாட்டி அடித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

புதிய செட் கைக்கு வந்ததும், திருப்பிக் கொடுக்கும் நாட்கள் முடிவதற்குள் ஒரு மாலை ஒதுக்குங்கள். பவரை மிகக் குறைவாக வைத்து, சுவரைப் பார்த்து நூறு முறை அழுத்துங்கள். ஒன்று தப்பினாலும் எந்த எண்ணில் தப்பியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அறையின் மறு மூலைக்குப் போய் இருபது. ஃபிளாஷுக்கு முதுகைக் காட்டி, உடம்பால் மறைத்து இருபது. ஸ்டாண்டை லேசாக ஆட்டியபடி இருபது. நூறில் ஒன்று தப்பினால் நான் வைத்துக்கொள்வேன். நான்கைந்து தப்பினால் அன்றே திருப்பிவிடுவேன்.

கடைசியாக, அந்த ஃபிலிம் காலத்து ஃபிளாஷ். அதை நேராகக் கேமராவில் மாட்டாதீர்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் நடுப்புள்ளியில் 200 வோல்ட்டுக்கு மேல்கூட மின்னழுத்தம் இருக்கும். இன்றைய கேமராவின் சர்க்யூட் கெட்டுப்போகலாம். ஃபிளாஷை ஆன் செய்து, தயார் விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரின் சிவப்பு முனையை நடுப்புள்ளியிலும் கருப்பு முனையைக் காலின் பக்கவாட்டு உலோகத்திலும் வைத்து அளக்கலாம். அளவு குறைவாக இருந்தால், ஒளியைக் கண்டு தூண்டும் ஒரு சின்ன ஆப்டிகல் ஸ்லேவை அதன் காலில் மாட்டுங்கள். முதன்மை ஃபிளாஷ் மேனுவலில் அடிப்பதால் முன்வெளிச்சம் இருக்காது, ஸ்லேவ் ஏமாந்து முந்திக்கொள்ளாது. அறைக்குள் ஆளுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் தரையில் வையுங்கள். இரண்டாவது ஃபிளாஷ் வாங்கும்வரை பின்னணி லைட்டாக அது உழைக்கும்.