சிறு வயல்கள் நாட்டுக்குச் சோறு போடுமா?

கேள்வி: இலங்கையில் 2021-இல் ரசாயன உரத்தைத் தடை செய்ததும் நெல் விளைச்சல் சரிந்து, அரிசியை வெளியிலிருந்து வாங்க நேர்ந்தது. அதன் பிறகும், இரண்டு ஏக்கரில் இயற்கை முறையில் பயிர் செய்பவர்களை நம்பலாமா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: நம்பலாம், ஆனால் அங்கே நடந்ததை மறக்கக் கூடாது. மே மாதம் உர இறக்குமதியை நிறுத்திய அரசு, நவம்பருக்குள் தடையைக் கைவிட்டது. ஐம்பது கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்) இருக்கிறது; நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்துள்ள மட்கு உரத்தில் அதே அளவைப் பெற 2,300 கிலோ வேண்டும். அவ்வளவு உரத்தை ஒரே போகத்துக்குள் எல்லா வயலுக்கும் யார் சேர்த்துக் கொடுப்பது? பல ஆண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய மண்ணும் ஓர் உத்தரவுக்காக மாறிவிடாது. உழவரைக் கேட்காமல் எடுத்த அந்த முடிவுக்கு உழவரே விலை கொடுத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

அதே தீவில், 2022-இல் அரிசி விலை ஏறியபோது பல வீடுகளின் பசியைத் தணித்தவை கொல்லைப் பலாவும் மரவள்ளியும்தான். சிறு நிலத்தின் பலம் இதில்தான் இருக்கிறது: ஒரு பயிர் பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும். இந்தியாவில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, நூற்றில் 86 பண்ணைகள் இரண்டு ஹெக்டேருக்கும் குறைவானவை. ஆகவே, இவர்களை விட்டுவிட்டு உணவுப் பாதுகாப்பைப் பற்றிப் பேச இடமே இல்லை.

உங்கள் பக்கத்து ஊரான திருத்துறைப்பூண்டியில், நெல் ஜெயராமன் விதைத் திருவிழாவில் இரண்டு கிலோ பாரம்பரிய நெல்லைக் கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திரும்ப வாங்கினார். அப்படி 174 ரகங்கள் மீண்டன. யாருடைய உத்தரவும் இல்லாமல், கைக்குக் கை மாறியே அந்த விதை பரவியது.

மாற்றமும் அப்படித்தான் வர வேண்டும். நிலமிருந்தால் முதலில் ஒரு மா நிலத்தில் (ஏறத்தாழ ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) மட்டும், சம்பா நடவுக்கு முன் மண்ணுக்கு உரமாகும் தக்கைப்பூண்டுச் செடியை விதையுங்கள். நாற்பது நாள் கழித்து ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். வேரில் மிளகு போன்ற முடிச்சுகள் இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். பூவெடுக்கும் பருவத்தில் மடக்கி உழுதுவிட்டு, யூரியாவை ஆண்டுக்கு ஆண்டு குறைத்து வாருங்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் விளைச்சல் குறைந்தால், அந்த இழப்பை அரசு ஈடுகட்ட வேண்டும். அந்தச் சுமையை உழவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமில்லை.