ஒரே கணக்கை மூன்று படிவத்தில் கேட்கிறார்கள், மறுக்கலாமா?

கேள்வி: மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் ஒன்றில் உதவிப் பதிவாளராக இருக்கிறேன். மாணவர் எண்ணிக்கை, ஆசிரியர் விவரம், தேர்ச்சி எல்லாவற்றையும் ஏஐஎஸ்எச்இ (அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு) தளத்தில் ஏற்றுகிறோம். அதையே நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) அறிக்கையில் மறுபடியும், என்.ஐ.ஆர்.எஃப் என்ற தேசியத் தரவரிசைக்கு வேறு வடிவத்திலும் தருகிறோம். இப்போது ஓர் அரசு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: எல்லா மாணவர்களின் ஆதார் எண்ணோடு எக்செல் கோப்பு மூன்று நாளில் வேண்டுமாம், தவறினால் 'கடும் நடவடிக்கை'யாம். எந்தச் சட்டப்படி என்று ஒரு வரியும் இல்லை. மறுக்கலாமா? இந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்கை முதலில் பார்த்துவிடுவோம். 'படிவங்களைக் குறையுங்கள்' என்று பொதுவாக ஒரு ரிட் மனு போட்டால் அது நிற்காது. எத்தனை படிவம் என்பது கொள்கை முடிவு. நீதிமன்றம் அதில் கை வைக்கத் தயங்கும். 2020 தேசியக் கல்விக் கொள்கை கட்டுப்பாடுகள் இலகுவாக இருக்கவேண்டும் என்கிறது. தர மதிப்பீட்டைச் சீர்செய்ய அமைக்கப்பட்ட ராதாகிருஷ்ணன் குழு, தரவை ஒரே தளத்தில் ஒருமுறை வாங்கிப் பல வேலைக்கும் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. இரண்டும் நல்ல யோசனைதான். ஆனால் கொள்கையும் பரிந்துரையும் சட்டமல்ல. அவற்றைக் காட்டி உரிமை கோர முடியாது.

அதிகாரம் இல்லாமல் கேட்கப்படும் ஒரு குறிப்பிட்ட கோரிக்கையை எதிர்ப்பது வேறு விஷயம். ஆகவே ஒவ்வொரு கடிதத்தையும் 'எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது?' என்று பாருங்கள். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 1956-ன் 12-வது பிரிவு, யுஜிசிக்கு நிதிநிலை, பாடங்கள், கற்பித்தல், தேர்வுத் தரம் பற்றிய தகவலைக் கேட்கும் அதிகாரத்தைத் தருகிறது. 13-வது பிரிவு ஆய்வுக்கு. இதை மறுக்க இடமில்லை. நாக் மதிப்பீட்டுக்கும் 2012 யுஜிசி விதிமுறைகள் இருக்கின்றன. பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படியான ஆண்டறிக்கையைத் தயவுசெய்து 'சுமை' பட்டியலில் சேர்க்காதீர்கள். அதைக் கைவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம் வரலாம். என்.ஐ.ஆர்.எஃப் தரவரிசை, போட்டியில் சேர்வது மாதிரிதான். கலந்துகொள்ளச் சட்டக் கட்டாயம் இல்லை.

தொழில்நுட்பப் படிப்புகள் விஷயத்தில் நம் ஊர் வழக்கு ஒன்றே உதவும். பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001-ல், ஏஐசிடிஇ (அனைத்திந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) சட்டத்தில் 'தொழில்நுட்ப நிறுவனம்' என்ற வரையறைக்குள் பல்கலைக்கழகம் வராது, ஆகவே புதிய படிப்பு தொடங்க ஏஐசிடிஇ-யின் முன் அனுமதி தேவையில்லை என்றது. சட்டம் தராத அதிகாரத்தை விதிமுறை போட்டு எடுத்துக்கொள்ள முடியாது என்பதுதான் சாரம். ஆய்வு செய்யும் அதிகாரம் ஏஐசிடிஇ-க்கு அப்போதும் இருக்கிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தத் தீர்ப்பை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. 2017-ல் உச்ச நீதிமன்றம் அவற்றுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்றது.

உங்கள் துணைவேந்தர் 'யுஜிசி விதி மாநிலப் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது' என்று சொல்லக்கூடும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமன வழக்கில் 2015-ல் அப்படி ஒரு தீர்ப்பு வந்தது உண்மை. 2022-ல் குஜராத் வழக்கில், மாநிலச் சட்டம் முரண்பட்டால் யுஜிசி விதியே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபிறகு, பழைய தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. தலைப்பில் 'வழிகாட்டுதல்' என்று இருந்தாலே தள்ளிவிடலாம் என்பதும் தவறு. இறுதியாண்டுத் தேர்வு பற்றிய யுஜிசி வழிகாட்டுதலுக்குச் சட்ட பலம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் தீர்ப்பானது.

சரி, அந்த மின்னஞ்சல். உதவித்தொகை போன்ற அரசுப் பயனுக்கு ஆதார் கேட்கலாம். தேர்வு எழுதவே ஆதார் கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆதார் தீர்ப்பு ஏற்கவில்லை. ஆதார் சட்டத்தின் 29-வது பிரிவு அந்தத் தகவலைப் பகிர்வதற்குக் கட்டுப்பாடு வைக்கிறது. அதனால் எக்செல் கோப்பை இணைத்து அனுப்பிவிடாதீர்கள். 'மறுக்கிறோம்' என்றும் எழுதாதீர்கள். மூன்று நாள் கெடுவுக்குள் பதிவாளர் கையெழுத்தோடு இப்படிப் போடுங்கள்: "மாணவர் எண்ணிக்கை ஏஐஎஸ்எச்இ தளத்தில் ஏற்றப்பட்டுள்ளது, ஒப்புகை நகல் இணைப்பில். ஆதார் எண் கோரப்படும் சட்டப் பிரிவையும் நோக்கத்தையும் தெரிவித்தால் பரிசீலித்து ஆவன செய்வோம்." அவ்வளவு போதும். பல சமயம் இதற்குப் பதிலே வராது.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே கேள்வியைக் கேளுங்கள். அந்தச் சட்டம் உரிமை தருவது குடிமக்களுக்கு. பல்கலைக்கழகத்தின் பெயரில் போட்டால் திருப்பிவிட வாய்ப்பு உண்டு, தனிநபர் பெயரில் போடுவதே பாதுகாப்பு. 30 நாளில் பதில் தரவேண்டும்.

'கடும் நடவடிக்கை' என்பதற்கு அவ்வளவு பயம் வேண்டாம். யுஜிசியே நடவடிக்கை எடுத்தாலும், யுஜிசி சட்டத்தின் 14-வது பிரிவுப்படி நீங்கள் காட்டும் காரணத்தைப் பார்த்தபிறகே மானியத்தை நிறுத்த முடியும். விளக்கம் கேட்காமல் யாராவது உத்தரவு போட்டால், அன்றைக்கு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் ரிட் போடலாம். அப்போது மேலே சொன்ன பதில் கடிதமும், அனுப்பியதற்கான அஞ்சல் ரசீதும், தளத்தில் கிடைத்த ஒப்புகையும் மனுவோடு போகவேண்டும்; இப்போதே ஒரு தனிக் கோப்பில் போட்டு வையுங்கள்.