ஸ்லம்டாக் தோற்றதும் ராக்ஸ் தோற்றதும்

கேள்வி: 2009-ஆம் ஆண்டு பிரிட்டனின் 'பாஃப்டா' திரைப்பட விருது விழாவில் 'ஸ்லம்டாக் மில்லியனர்' சிறந்த படமாகத் தேர்வானது, ஏ.ஆர். ரஹ்மானும் இசைக்கான விருதைப் பெற்றார். ஆனால் அதே மேடையில் 'தலைசிறந்த பிரிட்டிஷ் படம்' என்னும் விருதை அதற்குத் தரவில்லை. மும்பைச் சேரியைக் காட்டும் படத்தைத் தங்கள் படம் என்று ஒப்புக்கொள்ள வெள்ளையர்களுக்கு மனம் வரவில்லை என்பதுதானே இதன் பொருள்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: மனம் வராதவர்கள் அந்தப் படத்தைப் பரிந்துரைப் பட்டியலிலேயே சேர்த்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு பிரிட்டிஷ் படத்துக்கான விருதுக்குப் போட்டியிட்ட ஐந்து படங்களுள் ஸ்லம்டாக்கும் ஒன்று. அதை முந்தியது ஜேம்ஸ் மார்ஷ் இயக்கிய 'மேன் ஆன் வயர்' என்னும் ஆவணப்படம். 1974-இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களுக்கு இடையே கம்பி கட்டி நடந்த ஃபிலிப் பெத்தி என்ற பிரெஞ்சுக்காரரைப் பற்றியது. மும்பைக் கதை அந்நியமானது என்று தள்ளியவர்கள், நியூயார்க் வானத்தில் நடந்த பிரெஞ்சுக்காரரை மட்டும் சொந்தக்காரராகக் கொண்டாடினார்கள் என்று வாதிட நீங்கள் தயாரா? அதற்கு முந்தைய ஆண்டு, ஆங்கிலேயப் பிரபுத்துவ வீட்டில் தொடங்கும் 'அட்டோன்மென்ட்' சிறந்த படமாயிற்று. பிரிட்டிஷ் படத்துக்கான விருதோ 'திஸ் இஸ் இங்கிலாண்ட்' படத்துக்குப் போயிற்று. அங்கே எந்தச் சேரியைக் கண்டு முகம் சுளித்தார்கள்?

நிறத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டுமென்றால் 2020-ஆம் ஆண்டைப் பற்றிக் கேட்டிருக்கலாம். அவ்வாண்டு நடிப்புக்கான நான்கு பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்ட 20 இடங்களும் வெள்ளையர்களுக்கே போயின. மார்கோ ராபி ஒரே பிரிவில் இரண்டு படங்களுக்காக இரண்டு இடங்களைப் பிடித்திருந்தார். 'ஜோக்கர்' படத்துக்காக விருது வாங்க வந்த வாக்கீன் ஃபீனிக்ஸ் அந்த மேடையிலேயே இதைக் கண்டித்துப் பேசினார். அதன் பிறகு விதிமுறைகள் திருத்தப்பட்டு, மறு ஆண்டில் நடிப்புப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் ஆறு பேர் பரிந்துரைக்கப்பட்டனர். 'த ஒயிட் டைகர்' படத்தில் நடித்த ஆதர்ஷ் கௌரவ் சிறந்த நடிகருக்கான பட்டியலில் இடம்பெற்றதும் அப்போதுதான்.

இனி, உங்கள் கேள்வி தொட்டும் தொடாமலும் விட்ட இடத்துக்கு வருவோம். ஒரு படம் பிரிட்டிஷ் படமா என்பதை அங்கே கதை நடக்கும் ஊரோ பேசும் மொழியோ தீர்மானிப்பதில்லை. அதன் படைப்பாக்கத்தில் பிரிட்டிஷ்காரர்களின் பங்கு கணிசமாக இருக்கிறதா என்பதே அளவுகோல். (இந்த விருதே நெடுங்காலம் ஹங்கேரியில் பிறந்த அலெக்சாண்டர் கோர்டாவின் பெயரால் வழங்கப்பட்டது, மைசூர் யானைப்பாகன் வீட்டுப் பிள்ளை சாபுவைத் திரைக்குக் கொண்டுவந்த தயாரிப்பாளர் அவர்தான். வெற்றியாளர்கள் கையில் ஏந்தும் வெண்கல முகமூடியை வடித்தவர் மிட்ஸி கன்லிஃப் என்ற அமெரிக்கச் சிற்பி.) இந்த அளவுகோலின்படிதான், போலந்தில் படமாக்கப்பட்டு, பாத்திரங்கள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் பேசும் ஜோனதன் கிளேசரின் 'த ஜோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' 2024-இல் தலைசிறந்த பிரிட்டிஷ் படமாகவும், ஆங்கிலம் அல்லாத மொழியில் சிறந்த படமாகவும் ஒரே இரவில் இரண்டு விருதுகளைப் பெற்றது. அதில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2014-இல் இவ்விருதைப் பெற்றது 'கிராவிட்டி'. இயக்குநர் அல்ஃபோன்சோ குவாரோன் மெக்சிகோக்காரர்; நடித்த சாண்ட்ரா புல்லக்கும் ஜார்ஜ் குளூனியும் அமெரிக்கர்கள்; வெளியிட்டது வார்னர் பிரதர்ஸ். தயாரிப்பாளர் டேவிட் ஹேமனும், ஷெப்பர்டன் படப்பிடிப்புத் தளமும், லண்டன் ஃப்ரேம்ஸ்டோர் நிறுவனத்தின் கணினி வரைகலையும் அதைப் பிரிட்டிஷ் படமாக்கின. தொழில்நுட்பத்தில் அது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பட்டியலில், பிராட்ஃபர்ட் நகரில் குதிரை வண்டியோடு பழைய இரும்பு பொறுக்கித் திரியும் இரண்டு சிறுவர்களைப் பற்றிக் கிளியோ பர்னார்ட் எடுத்த 'த செல்ஃபிஷ் ஜெயன்ட்' என்ற சிறிய படமும் இருந்தது. யானையையும் ஆட்டுக்குட்டியையும் ஒரே தராசில் நிறுத்தினால் தட்டு எந்தப் பக்கம் தாழும் என்பதை அறிய நடுவர்கள் தேவையில்லை.

விதிகள் திருத்தப்பட்ட 2021-லும் இதுவே நடந்தது. கிழக்கு லண்டனின் பள்ளிச் சிறுமிகளை, முன்பு நடித்தறியாத பெண்களையே நடிக்கவைத்துக் காட்டிய 'ராக்ஸ்', 'நோமட்லாண்ட்' படத்துக்குச் சமமாக ஏழு பரிந்துரைகளைப் பெற்றது. ஆனால் பிரிட்டிஷ் படத்துக்கான விருது, அமெரிக்காவில் நடக்கும் கதையை அமெரிக்காவிலேயே எடுத்த 'பிராமிசிங் யங் உமன்' படத்துக்குச் சென்றது. எழுதி இயக்கிய எமரால்டு ஃபென்னலும் நாயகி கேரி மல்லிகனும் பிரிட்டிஷ்காரர்கள் என்பதால் விதி மீறப்படவில்லை. பெரும் விநியோக நிறுவனத்தின் விளம்பர பலம் உள்ள படத்துக்கு வேறு விருதுகளும் காத்திருக்கின்றன. ராக்ஸ் போன்ற படங்களுக்கு வெளிச்சம் விழக்கூடிய இடங்களோ மிகச் சில. ஸ்லம்டாக்குக்காக நீங்கள் கொட்டும் அனுதாபத்தை இந்தப் படத்துக்குக் கொடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஸ்லம்டாக் அந்த ஓரிரவில் மட்டும் ஏழு பாஃப்டாக்களை அள்ளிச் சென்ற படம், அவற்றுள் ஒலிக்கான விருதில் நம் ரசூல் பூக்குட்டிக்கும் பங்கு உண்டு.

இந்தியக் கதையைத் தமதென்று ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்களா அவர்கள் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்றும் உண்டு. கணவனின் காவலர் பணியை ஏற்கும் வட இந்திய விதவையைப் பற்றிச் சந்தியா சூரி இந்தியில் எடுத்த 'சந்தோஷ்' படத்தைப் பிரிட்டனின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பியது பாஃப்டா அமைப்பேதான். 2025 பாஃப்டா விழாவில் அறிமுகப் படைப்பாளிக்கான பிரிவிலும் அது பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் படத்தைத் திரையரங்கில் பார்க்கவிடாமல் தடுத்தது லண்டன் அல்ல, நமது தணிக்கை வாரியம்.