குண்டாயிட்டேனே அக்கா: கூட்டு மருந்தும் எடைக்குறைப்பு ஆபரேஷனும்

2007லிருந்து எச்ஐவிக்குக் கூட்டு மருந்து (ஏஆர்டி) எடுக்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னாடி எடை குறைய இரைப்பையைச் சின்னதாக்குற ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன். 98 கிலோ இருந்தவ இப்போ 69. இந்த மருந்து தர்ற ஏஆர்டி சென்டருக்கு வர்றவங்களுக்கு ஆலோசனை சொல்றதுதான் என் வேலை. எடை பத்திக் கேட்டு வந்த கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கேன்.

அக்கா, மாத்திரை மாத்தினதிலிருந்து 11 கிலோ ஏறிட்டேன். மாத்திரைதான் காரணமா? நிறுத்திடலாமா?

நிறுத்தவே கூடாது தம்பி. முதல்ல அதைச் சொல்லிடறேன். இப்போ அரசு சென்டர்ல தர்ற டிஎல்டி மாத்திரைல டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூணும் இருக்கு. டொலுடெக்ராவிர் எடுக்கிறவங்களுக்கு எடை ஏறுதுங்கிறது உண்மை. ஜோகன்னஸ்பர்க்ல நடந்து 2019ல வெளியான அட்வான்ஸ் ஆய்வுல இது தெளிவாத் தெரிஞ்சது, அதிலும் பெண்களுக்கு அதிகமா ஏறியிருந்தது. ஆனா மாத்திரையை மட்டும் மாத்தினா ஏறின எடை அப்படியே இறங்கிடாது. ஹெபடைடிஸ் பி சேர்ந்து இருக்கிறவங்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. டெனோஃபோவிரும் லாமிவுடினும் அந்த வைரஸையும் சேர்த்துத்தான் அடக்கி வச்சிருக்கு. திடீர்னு நிறுத்தினா கல்லீரல் அழற்சி மோசமாக் கிளம்பலாம்.

எனக்கு 160 செ.மீ. உயரம், 68 கிலோ. ஆபரேஷன் பண்ணலாமா?

வேண்டாம்மா. உங்க பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கும் எடைக்கும் உள்ள கணக்கு, 26.6. 2022ல அமெரிக்க, உலக அளவிலான எடைக்குறைப்பு ஆபரேஷன் மருத்துவர் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறைப்படி 35க்கு மேலன்னா வேற நோய் இல்லேன்னாலும் செய்யலாம். 30க்கு மேல சர்க்கரை மாதிரி நோய் சேர்ந்திருந்தா செய்யலாம். நம்ம ஆசிய உடம்புக்கு 27.5லயே யோசிக்கலாம்னு இருக்கு. உங்களுக்கு நடையும் சாப்பாடும் போதும்.

எச்ஐவி இருந்தா ஆபரேஷனே ஆபத்துன்னு சொல்றாங்களே?

மாத்திரை இல்லாத காலத்துப் பயம் அது. வைரல் லோடு (ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, சிடி4ங்கிற எதிர்ப்புச்சக்தி அணு எண்ணிக்கை நல்லா இருக்கிறவங்களுக்கு எச்ஐவி மட்டுமே தடையில்லை. கடைசியா எடுத்த வைரல் லோடு ரிப்போர்ட் இல்லாம சர்ஜன்கிட்ட போகாதீங்க. ஆபரேஷன் முடிஞ்சதும் வருஷத்துக்கு ஒரு தடவைன்னு விட்டுடாதீங்க. ஒரு மாசத்துல, மூணாவது மாசத்துல, ஆறாவது மாசத்துல வைரல் லோடு பார்க்கச் சொல்லிக் கேளுங்க. வயிறு சுருங்கின பிறகும் மருந்து சரியா உடம்புல சேருதான்னு அதுதான் காட்டிக்கொடுக்கும்.

ஸ்லீவா, பைபாஸா?

ஸ்லீவ்ல இரைப்பையில முக்கால்வாசியை வெட்டி எடுத்துடுவாங்க. குடல்ல கை வைக்க மாட்டாங்க. பைபாஸ்ல ஒரு சின்னப் பை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடல்ல கொஞ்சம் கீழே தள்ளி இணைப்பாங்க. மாத்திரையும் சத்தும் உறிஞ்சப்படுற இடத்துல ஒரு பகுதி தப்பிப்போகுது. அதனால நான் ஸ்லீவ் எடுத்தேன். ஆனா கடுமையான நெஞ்செரிச்சல் இருக்கிறவங்களுக்கு ஸ்லீவ் அதை இன்னும் மோசமாக்கலாம், அவங்களுக்கு பைபாஸ்தான் சரியா இருக்கும். இதை சர்ஜனும் ஏஆர்டி டாக்டரும் பேசி முடிவு பண்ணணும். ரெண்டு பேரையும் போன்ல பேச வைங்க. நான் அப்படித்தான் செஞ்சேன்.

கால்சியம், அயர்ன் எல்லாம் சாப்பிடணுமாமே. கூட்டு மருந்தோட ஒண்ணாப் போடலாமா?

எல்லாரும் தப்பு பண்ற இடம் இதுதான், பொறுமையாப் படிங்க. கால்சியம், இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம் இதெல்லாம் டொலுடெக்ராவிரைப் பிடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. அதனால டிஎல்டியைச் சத்து மாத்திரைக்கு 2 மணி நேரம் முன்னாடி போடணும், இல்லேன்னா 6 மணி நேரம் கழிச்சுப் போடணும். வயிறு நிறையச் சாப்பாட்டோடன்னா கால்சியமும் அயர்னும் சேர்த்தே போடலாம்னு விதி இருக்கு. ஆனா ஆபரேஷன் பண்ணின வயித்துக்கு ரெண்டு ஸ்பூன் தயிர்சாதமே நிறைவு, அந்த விதியை நம்பாதீங்க.

என் கணக்கு இது: காலை 8 மணிக்கு கால்சியம், 12 மணிக்கு அயர்ன், 3 மணிக்கு ரெண்டாவது கால்சியம், ராத்திரி 9 மணிக்கு டிஎல்டி. ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டின சீட்டுல நாலு நேரமும் எழுதியிருக்கும், போட்டதும் பென்சில்ல ஒரு கோடு. மல்டிவிட்டமின்லயும் இரும்பும் துத்தநாகமும் இருக்கும், அதையும் பகல் கணக்குலயே வைங்க. ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் சிரப்புக்கும் இதே இடைவெளி.

வாயுவுக்குத் தர்ற, வயித்து அமிலத்தைக் குறைக்கிற பான்டோப்ரசோல் டொலுடெக்ராவிரை ஒண்ணும் செய்யாது. ஆனா ரெண்டாம் கட்ட மருந்தா அட்டாசனாவிர் எடுக்கிறவங்க, இல்லேன்னா ரில்பிவிரின் எடுக்கிறவங்க கவனம். அந்த ரெண்டுக்கும் வயித்துல அமிலம் வேணும். டிஸ்சார்ஜ் சீட்டுல பான்டோப்ரசோல் இருந்தா உடனே ஏஆர்டி டாக்டர்கிட்ட காட்டுங்க.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: டொலுடெக்ராவிரோட எடுத்தா மெட்ஃபார்மின் ரத்தத்துல கூடிடும், நாளைக்கு 1000 மி.கி. தாண்டக் கூடாதுன்னு வச்சிருக்காங்க.

மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போடுவேன். தொடரலாமா?

விட்டுடுங்க. டெனோஃபோவிர் ஏற்கனவே கிட்னியைப் பார்த்துக்க வேண்டிய மருந்து. பைபாஸ் பண்ணினா வயித்துப் புண்ணும் வரும். ஆபரேஷன் முடிஞ்ச முதல் வாரங்கள்ல தண்ணி குறைஞ்சாலே, கிட்னி நிலையைக் காட்டுற கிரியாட்டினின் ஏறும். நான் 30 மி.லி. மூடியில பதினைஞ்சு நிமிஷத்துக்கு ஒரு மடக்குன்னு குடிச்சேன்.

சர்ஜன்கிட்ட சொல்லணுமா? சொன்னா மறுத்துட்டா?

சொல்லுங்க. சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தலை, ஆனா மருந்து மோதாம இருக்க அவர் தெரிஞ்சுக்கணும். மறுக்க அவருக்கு உரிமை இல்லை. எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2017ல வந்து, 2018 செப்டம்பர் 10ல அமலுக்கு வந்தது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுக்கிறதை அந்தச் சட்டம் தடை செய்யுது. நான் முதல்ல போன ஒரு தனியார் ஆஸ்பத்திரியில "ஸ்பெஷல் கிட்"னு சொல்லித் தனியா ஒரு தொகை கேட்டாங்க. எல்லா நோயாளிக்கும் எடுக்க வேண்டிய அதே பாதுகாப்புக்கு எதுக்குத் தனிக் காசு? எழுந்து வந்துட்டேன், வேற இடத்துல செஞ்சேன். உங்களுக்கு இப்படி நடந்தா தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097க்கு அடிங்க, யார்கிட்ட புகார் கொடுக்கணும்னு சொல்வாங்க.

அக்கா, எனக்கு ஒரே பயம்தான். இளைச்சுட்டா ஊர்ல "அந்த நோய்"னு பேசுவாங்களே? குண்டாவே இருந்துடலாமான்னு தோணுது.

இந்தக் கேள்வியை என்கிட்ட கேட்காதவங்க குறைவும்மா. உகாண்டாவுல 1980கள்ல இந்த நோய்க்கே "ஒல்லி நோய்"னுதான் பேர். நம்ம ஊர்லயும் எலும்பும் தோலுமா இருந்தா ஒரே முடிவுதான். என் கன்னம் ஸ்டாவுடின்ங்கிற பழைய எச்ஐவி மாத்திரையால ஒட்டிப்போனப்போ நான் வெளியே வராம இருந்திருக்கேன். அதனால எடை ஏறினப்போ உள்ளுக்குள்ள சந்தோஷம்கூடப் பட்டேன். சர்க்கரை 260க்குப் போன அன்னிக்குத்தான் பயந்தேன்.

ஆபரேஷனுக்கு அப்புறம் மூணாவது மாசம் ஒரு கல்யாண வீட்டுல என் நாத்தனார் என் மணிக்கட்டைப் பிடிச்சுப் பார்த்து, "என்னடி இது, உடம்புக்கு என்ன?"ன்னு எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. "சர்க்கரைக்கு வயித்துல ஆபரேஷன் பண்ணியிருக்கேன் அண்ணி"ன்னேன். அது பொய்யும் இல்லை. அதுக்கு மேல யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அவங்க உடனே, "எந்த டாக்டர்? எனக்கும் சர்க்கரை இருக்கே"ன்னு பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க.