சமநிலை மும்மம்: கேள்வி பதில்

சமநிலை மும்மம் என்பது எண்களை எழுதும் ஒரு முறை. அடிமானம் (base) 3. ஆனால் இலக்கங்கள் 0, 1, 2 அல்ல. −1, 0, 1. கீழே அவற்றை −, 0, + என்றே எழுதியிருக்கிறேன். இட மதிப்புகள் வலமிருந்து 1, 3, 9, 27, 81.

கே: சார், 47-ஐ 3-ஆல் வகுத்து வகுத்து மாற்றும்போது மீதி 2 வருகிறது. 2 என்ற இலக்கமே இல்லையே?

ப: 2 என்பது 3 − 1 தானே. மீதி 2 என்றால் − எழுதி, ஈவில் ஒன்றைக் கூட்டுங்கள்.
47: ஈவு 15, மீதி 2. − எழுதி, ஈவை 16 ஆக்குங்கள்.
16: ஈவு 5, மீதி 1. +
5: ஈவு 1, மீதி 2. −, ஈவு 2.
2: ஈவு 0, மீதி 2. −, ஈவு 1.
1: +
கீழிருந்து மேலாகப் படித்தால் +−−+−. சரிபார்க்க: 81 − 27 − 9 + 3 − 1 = 47. ஈவில் ஒன்று கூட்ட மறந்தால் எல்லாம் போச்சு. அதனால் இந்தக் கடைசி வரியை விடாதீர்கள்.

கே: −47-க்குக் கழித்தல் குறியை எங்கே போடுவது?

ப: எங்கும் வேண்டாம். ஒவ்வொரு இலக்கத்தையும் புரட்டுங்கள் (+ என்றால் −, − என்றால் +): −++−+. பூஜ்ஜியமல்லாத முதல் இலக்கமே எண்ணின் குறி. 81-ன் இடத்தில் + இருந்தால், கீழே உள்ள நான்கும் − ஆனாலும் 27 + 9 + 3 + 1 = 40 தான் குறையும்; 41 மிஞ்சும்.

கே: கடைசி இலக்கத்தை வைத்து ஒற்றையா இரட்டையா சொல்லலாமா?

ப: இருமப் (அடிமானம் 2) பழக்கத்தில் கேட்கிறீர்கள். 3-ன் அடுக்குகள் எல்லாமே ஒற்றை. ஆகவே பூஜ்ஜியமல்லாத இலக்கங்களை எண்ணுங்கள்; எண்ணிக்கை இரட்டை என்றால் எண்ணும் இரட்டை. 47-ல் ஐந்து, எனவே ஒற்றை. 4-ஆல் வகுபடுமா என்று பார்க்க, வலமிருந்து மாற்றி மாற்றிக் கூட்டிக் கழியுங்கள், பதின்மத்தில் 11-க்குச் செய்வது போல. 48 = +−−+0: 0 − 1 − 1 + 1 + 1 = 0; வகுபடும்.

கடைசி இலக்கம் 0 என்றால் 3-ஆல் வகுபடும். கடைசி இலக்கம் எதுவானாலும், அதை வெட்டி எறிந்தால் 3-ஆல் வகுத்து, மிக அருகிலுள்ள முழு எண்ணுக்குத் திருத்தியதாகிவிடும்: 47-லிருந்து +−−+, அதாவது 16. சரிபாதியில் விழும் தொல்லையே கிடையாது. எனக்கு இதில் மிகவும் பிடித்த பண்பு இதுதான்.

கே: இந்த மாற்றத்துக்கு எழுதிய நிரல் பைத்தான் மொழியில் சரியாக ஓடுகிறது; சி மொழியில் −5 கொடுத்தால் தவறுகிறது.

ப: % என்பது மீதி தரும் குறி. −5 % 3 என்பது பைத்தானில் 1, சி-யில் −2. நீங்கள் மீதி 2-ஐ மட்டும் பிடிக்கிறீர்கள், −2 நழுவிவிடுகிறது. மீதி −2 என்றால் + எழுதி, ஈவில் ஒன்றைக் குறையுங்கள். இங்கே −1 என்ற ஈவு −2 ஆகும். விடை −++ (−9 + 3 + 1). இல்லையேல் 5-ஐ மாற்றி (+−−) புரட்டிவிடுங்கள்.

கே: 1, 3, 9, 27 கிலோ எடைக்கற்களால் 25 கிலோ அரிசி நிறுப்பது எப்படி?

ப: 25 = +0−+. 27-ம் 1-ம் ஒரு தட்டில், 3 அரிசியோடு மறுதட்டில், 9 வெளியே. இந்த நான்கு கல்லில் 1 முதல் 40 வரை எந்த முழுக் கிலோவும் நிறுக்கலாம்.

கே: இதில் இயங்கும் கணினி உண்டா?

ப: உண்டு. மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் நிக்கொலாய் புருசென்ட்சோவ் குழு 1958-ல் செய்த 'செதுன்'. சொல் நீளம் (கணினி ஒரே அலகாகக் கையாளும் அளவு) 18 மும்ம இலக்கங்கள். முழு எண்ணாக எடுத்தால் இருபுறமும் 19,37,10,244 வரை.

கே: −2 அடிமானத்திலும் குறி தேவையில்லையே?

ப: தேவையில்லை. அங்கே இலக்கங்கள் 0, 1; இட மதிப்புகள் வலமிருந்து 1, −2, 4, −8. இலக்க எண்ணிக்கை ஒற்றை என்றால் நேர்மம், இரட்டை என்றால் எதிர்மம். ஆனால் 2 = 110, −2 = 10; புரட்டும் வசதி போய்விடும். கூட்டலில் 1 + 1 = 110, மிகுதி ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு ஏறும். தாளில் போடுபவர்கள் தடுமாறுவது அங்கேதான்.