தேசிய கால்பந்து அணி தொடரிலிருந்து வெளியேறி ஒரு வாரமாகியும் மனம் ஆறவில்லை, வீட்டில் சிரிக்கிறார்கள். நீங்கள் எப்படி மீண்டீர்கள்?

எந்த நாட்டு அணி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாயிருந்தாலும் சரி. வேலைக்குப் போய்விட்டு வந்து, சாப்பாட்டைத் தட்டில் அளைந்துகொண்டு, அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறீர்கள், "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று யாரோ பின்னாலிருந்து கேட்கிறார்கள். இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் நான் அப்படித்தான் இருந்தேன். முழுசாக மீண்டேன் என்று சொல்ல மாட்டேன். 2011இல் நடந்ததை இன்னும் மறக்கவில்லை.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கிறேன். இந்த நாட்டு ஆண்கள் கால்பந்து அணியின் செல்லப்பெயர் பஃபானா பஃபானா. தூத்துக்குடியிலிருந்து 2006இல் வந்தேன், பத்து, பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். "பிறந்த ஊர் அங்கே, உனக்கு எதுக்கு பஃபானா பஃபானா" என்று கேட்பவர்கள் இங்கேயும் வருவார்கள், தெரியும். என் மகள் பிறந்த ஊர் இது, நான் சம்பளம் வாங்கும் ஊர் இது, என்னிடம் படித்த பையன்கள் தெருவில் பந்து உதைக்கும் ஊர் இது. இதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டேன். பெண்களுக்குக் கால்பந்து என்ன தெரியும் என்பவர்களுக்கும் ஒன்று: 2022இல் ஆப்பிரிக்கக் கோப்பையை இந்த நாட்டுக்கு வாங்கித் தந்தது பெண்கள் அணிதான்.

எல்லாத் தோல்வியும் ஒரே மாதிரி வலிப்பதில்லை. 2010 உலகக் கோப்பை இங்கேதான் நடந்தது. அதற்காகவே பள்ளிக்கூடங்களுக்கு ஒரு மாதம் லீவு விட்டிருந்தார்கள். மெக்சிகோவுடன் 1-1, நம் ஷபலாலா அடித்த அந்த கோலை இன்று பார்த்தாலும் எனக்குக் கண் கலங்கும். அப்புறம் உருகுவேயிடம் 0-3. கடைசி ஆட்டத்தில் பிரான்சுக்கு எதிராக இடைவேளையில் 2-0, இன்னொரு ஆட்டத்தில் உருகுவேயிடம் மெக்சிகோ ஒரு கோல் வாங்கியிருந்தது. தாளில் போட்டுப் பார்த்தேன், இன்னும் இரண்டே கோல் அடித்தால் நாம் மேலே. வரவில்லை, பிரான்ஸ் ஒன்று திருப்பி அடித்து 2-1 என்று முடிந்தது. போட்டியை நடத்தும் நாடே முதல் சுற்றில் வெளியேறுவது உலகக் கோப்பையில் அதுதான் முதல் தடவை. அழுதேன். ஆனால் பையன்கள் மூச்சு முட்ட ஓடியதைப் பார்த்தேன், அதனால் இரண்டு நாளில் சரியாகிவிட்டேன்.

2011 அப்படி இல்லை.

அக்டோபர் 8, புரட்டாசிச் சனிக்கிழமை. டர்பனில் இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் தமிழர் வீடுகளில் புரட்டாசி முழுக்கக் கவுச்சி கிடையாது, எங்கள் ஊரைவிடக் கறாராகக் கடைப்பிடிப்பார்கள். பக்கத்து வீட்டு ஆயா பெருமாளுக்குப் படைத்துவிட்டு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பூசணிக்காய்க் கறி, வடை, பாயசம். ஆயாவின் தாத்தா கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாக வந்தவர். பேரன் பேத்திகளுக்குத் தமிழ் வராது, அதனால் ஆயா பேச ஆசைப்பட்டால் என்னைத்தான் கூப்பிடுவார். எல்லாரும் தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறோம். நெல்ஸ்புருட் மைதானம், கூரையைத் தாங்கும் தூண்களை ஒட்டகச்சிவிங்கி மாதிரி கட்டியிருப்பார்களே, அதுதான். ஆப்பிரிக்கக் கோப்பைத் தகுதிச் சுற்று, சியரா லியோனுடன் கடைசி ஆட்டம்.

என் மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு. அதில் எங்கள் பிரிவின் நாலு அணியும் ஆடிய எல்லா ஆட்டமும் எழுதி வைத்திருந்தேன். பிரிவின் இன்னொரு ஆட்டத்தில் எகிப்திடம் நைஜர் 0-3 என்று தோற்கிறது. இங்கே டிரா ஆனால் நைஜர், நாம், சியரா லியோன் மூன்று பேருக்கும் 9 புள்ளி. கோல் வித்தியாசம், அதாவது அடித்ததில் வாங்கியதைக் கழித்தால் வருவது, நமக்கு +2, சியரா லியோனுக்கு 0, நைஜருக்கு −2. அடிக்கோடு போட்டு, "டிரா போதும், நாம்தான் போகிறோம்" என்று வீட்டில் அத்தனை பேருக்கும் சொன்னது நான்தான். மைதானத்தில் இருந்தவர்களும் அதையேதான் நம்பியிருந்தார்கள் போல, ஜெயித்தாக வேண்டும் என்ற அவசரமே யாரிடமும் இல்லை. 0-0. கடைசி விசில் அடித்ததும் பையன்கள் மைதானத்திலேயே நடனம் ஆட ஆரம்பித்தார்கள், ஆயா கையைத் தட்டி, "புள்ளைங்க ஆடுதுங்க பாரு, கெலிச்சிட்டோம்" என்றார். தெருவில் வுவுசேலா ஊதுகுழல் சத்தம். நானும் எழுந்து ஆடினேன்.

நைஜர்தான் போகிறது என்ற செய்தி அப்புறம்தான் வந்தது. அந்தப் போட்டியின் விதிப்படி, புள்ளிகள் சமமானால் முதலில் பார்ப்பது மொத்த கோல் வித்தியாசம் இல்லை, சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள்தான். எகிப்துடன் ஆடியதையெல்லாம் தள்ளிவிட்டு எண்ணினால் நைஜருக்கு 6, நமக்கு 5, சியரா லியோனுக்கு 5. அவ்வளவுதான் கணக்கு. விதி முன்பே எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை, ஆனால் நான் ஒரு ரசிகை. சம்பளம் வாங்கிக்கொண்டு படிக்க வேண்டியவர்கள் படித்திருந்தால் அந்த 90 நிமிடமும் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள் இல்லையா? ஒரு கோல் போதுமே. நாட்டின் கால்பந்துச் சங்கம் மேல்முறையீடு என்று கிளம்பியது, பிறகு அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டது.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனேன். பள்ளி அணியில் ஆடும் ஒரு பையன், கணக்கில் சுமார்தான், எழுந்து, "மேம், பிளஸ் 2 பெரிசா, மைனஸ் 2 பெரிசா?" என்று கேட்டான். கிண்டல் இல்லை, அவன் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. அன்று பாடத்தை மூடி வைத்துவிட்டு பலகையில் அந்த ஆறு ஆட்டங்களையும் எழுதினேன். நமக்கும் நைஜருக்கும் 2-0, 1-2. நமக்கும் சியரா லியோனுக்கும் இரண்டுமே 0-0. நைஜருக்கும் சியரா லியோனுக்கும் 3-1, 0-1. பையன்களே கூட்டினார்கள். 6, 5, 5 வந்ததும் வகுப்பே சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. பொதுவாக எனக்குப் பிடித்த அமைதி அது, அன்று பிடிக்கவில்லை.

இதை விளையாட்டுதானே என்று விடுங்கள் என்பவர்களுக்கு: ஒருவர் ஒரு தாளை ஒழுங்காகப் படிக்காததால் இன்னொருவர் வாழ்க்கை எப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு முறை என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்தபோது ஓர் அலுவலகத்தில் தேதியைத் தப்பான கட்டத்தில் எழுதிவிட்டார்கள். இரண்டு மாதம் சம்பளம் இல்லை. மகளுக்கு நாலு வயது, வாடகைக்கு வளையலை விற்றேன். ஒவ்வொரு தடவை போகும்போதும் வேறு ஜன்னலுக்கு அனுப்புவார்கள், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் நெல்ஸ்புருட் நினைவு வந்தால் இதுவும் கூடவே வருகிறது, என்ன செய்ய.

நமக்கு இந்தக் கணக்கு ஆகவே ஆகாது. 2002 உலகக் கோப்பையில் பராகுவேயும் நாமும் 4 புள்ளி, வித்தியாசமும் சமம், அவர்கள் அடித்தது 6 கோல், நாம் 5. 2021இல் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் கானாவும் நாமும் 13 புள்ளி, வித்தியாசம் சமம், அவர்கள் 7, நாம் 6. அதுவும் அந்தக் கடைசி ஆட்டத்தில் கானாவுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார்கள், அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதில் முடியாது.

நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று கேட்டீர்கள். கோபத்தை அடக்குவதில்லை, ஆனால் மைதானத்தில் ஓடிய பையன்கள் மேல் வைப்பதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் வைக்கிறேன். பெனால்டியை வெளியே அடித்தவனுக்கு நீங்கள் எழுதும் வசவு அவன் அம்மா கண்ணிலும் படும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்னொன்று, ஒவ்வொரு தொடருக்கு முன்பும் விதிகளைப் படித்துவிடுகிறேன், சமமானால் எதை முதலில் பார்ப்பார்கள் என்பதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைக்கிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

2025இல், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில், மறுபடியும் அதே கதை வந்தது. இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி ஆடக்கூடாத ஒருவரை லெசோத்தோவுக்கு எதிராக இறக்கிவிட்டார்கள், அட்டையை எண்ண ஆளில்லை. செப்டம்பர் கடைசியில் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நம் 3 புள்ளியைப் பிடுங்கியது. எனக்கு அன்று இரவு தூக்கமே இல்லை. அக்டோபர் 14, ருவாண்டாவுடன் கடைசி ஆட்டம், எங்கே தெரியுமா, அதே நெல்ஸ்புருட். 3-0. விசில் அடித்ததும் பையன்கள் குதித்தார்கள், மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். இரு என்றேன். நைஜீரியா பெனினை 4-0 அடித்து முடித்த செய்தி வந்து, நோட்டில் இரண்டு தடவை கூட்டினேன். நமக்கு 18, நைஜீரியாவுக்கு 17, பெனினுக்கு 17. அப்புறம்தான் எழுந்தேன்.