எழுத்து அலங்காரமும் முகத் திருத்தமும்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கேள்விகள் நிறைய வந்துவிட்டன, ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். நான் பெரும்பாலும் ஃபோட்டோஷாப் என்ற படத் திருத்த மென்பொருளில்தான் வேலை செய்கிறேன். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் வழி வேறாக இருந்தால் அங்கங்கே சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, யூனிகோடில் 'கெ' என்று தட்டினால் ஃபோட்டோஷாப்பில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. பாமினி என்ற பழைய ஃபான்ட்டில் சரியாக வருகிறது. அதிலேயே இருந்துவிடவா?

பதில்: வேண்டாம் தம்பி. ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, அப்புறம் பாராகிராஃப் பேனலின் மெனுவில் 'வேர்ல்ட் ரெடி' என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுங்கள். சில பதிப்புகளில் ப்ரிஃபரன்ஸஸிலும் 'வேர்ல்ட் ரெடி லேஅவுட்' என்றே இருக்கும். கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஜிம்ப்பில் இந்தத் தொல்லையே கிடையாது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது, அதனால் வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் வாசகத்தை ஒட்டவும் முடியாது, நீங்கள் அடித்ததை வேறிடத்தில் ஒட்டினாலும் ஏபிசிடி குப்பையாகத்தான் வரும். பழைய ஃபைல்களைத் திறக்க அது இருக்கட்டும், புது வேலைக்கு முக்தா மலர், கேட்டமரன், பலூ தம்பி எல்லாம் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன, கடை வேலைக்கும் பயன்படுத்தலாம்.

கேள்வி: ஆங்கிலத்தில் நன்றாக இருக்கும் எஃபெக்ட் தமிழில் போட்டால் அசிங்கமாகிறது. ஏன்?

பதில்: தமிழ் எழுத்துக்குள் கண்ணும் சுழியும் அதிகம். 'ஞ', 'ணு', 'ஐ' இவற்றில் தடிமனான ஸ்ட்ரோக், அதாவது ஓரக்கோடு, போட்டால் உள்ளே இருக்கும் ஓட்டை அடைத்துக்கொள்ளும், புள்ளி கீழே இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்ட்ரோக்கை 'அவுட்சைட்' வைத்துக் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இன்னும் தடிமன் வேண்டுமென்றால் எழுத்து லேயரை (கண்ணாடித் தாள் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்கு) இன்னொரு பிரதி எடுத்து, அடியில் இருப்பதற்குப் பெரிய ஸ்ட்ரோக் கொடுங்கள், மேலே இருப்பது தெளிவாக நிற்கும். அப்புறம் ட்ராக்கிங். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளி கூட்டினால் ஆங்கிலத்தில் கம்பீரமாக இருக்கும், தமிழில் 'கொ' மூன்று துண்டாகப் பிரிந்து நிற்கும் அபாயம் உண்டு. இடைவெளி வேண்டுமென்றால் சொற்களுக்கு நடுவில் கொடுங்கள்.

கேள்வி: கல்யாண பேனருக்குத் தங்க எழுத்து. எத்தனை யூடியூப் வீடியோ பார்த்தாலும் எனக்கு மஞ்சள் பிளாஸ்டிக் மாதிரிதான் வருகிறது.

பதில்: மஞ்சளை மட்டும் போட்டால் அப்படித்தான் வரும். தங்கம் தன் நிறத்தைவிடச் சுற்றி இருப்பதைத்தான் அதிகம் காட்டும், அதனால் ஒரே எழுத்துக்குள் கிட்டத்தட்டக் கறுப்பான பழுப்பும் கிட்டத்தட்ட வெள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். கிரேடியன்ட் ஓவர்லேயில் அடர் பழுப்பு, பொன்மஞ்சள், வெளிர் கிரீம், மறுபடி பொன்மஞ்சள், பழுப்பு என்று வையுங்கள். நிறங்களுக்கு இடையே மாற்றம் திடீரென்று இருக்கட்டும், மெதுவாகக் கரைந்தால் சாட்டின் துணி மாதிரி ஆகிவிடும். அடுத்து, எழுத்தைப் புடைத்துக் காட்டும் பெவல் அண்ட் எம்போஸில் டெக்னிக்கை 'சிசல் ஹார்ட்' ஆக்கி, க்ளாஸ் கான்டூரில் வளையம் மாதிரி இருக்கும் வளைவு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், உலோகப் பளபளப்பு பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஷேடோ பகுதிக்குக் கறுப்பு வேண்டாம், அடர் பழுப்பு கொடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: மணமக்கள் படத்தில் வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருக்கும், எழுத்தின் பெவல் வலப்பக்கத்திலிருந்து மின்னும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் 'ஒட்டவைத்த மாதிரி இருக்கு' என்பார். மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து, குளோபல் லைட்டின் கோணத்தை அதற்கேற்ப மாற்றுங்கள்.

கேள்வி: 6 அடிக்கு 4 அடி ஃப்ளெக்ஸ். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) வைத்தால் என் சிஸ்டம் தொங்கிவிடுகிறது.

பதில்: தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு 72 போதும், அதாவது 5184க்கு 3456 பிக்சல். கண் மட்டத்தில் வைக்கப்போகிறார்கள் என்றால் 100 வையுங்கள். திரையில் மின்னும் நியான் பச்சையும் நீலமும் அச்சில் மங்கித்தான் வரும், வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முகத்தில் பரு, திட்டு எல்லாம் எடுத்தால் மெழுகு பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது.

பதில்: மொத்த முகத்துக்கும் பிளர் போடுகிறீர்கள், அதுதான் காரணம். தோலில் நுண்ணிய துளைகள் ஒரு விஷயம், நிறத் திட்டு வேறு விஷயம், இரண்டையும் பிரித்து வேலை செய்ய வேண்டும். படத்தை இரண்டு பிரதி எடுங்கள். கீழே இருப்பதற்கு காஸியன் பிளர், தோலின் துளைகள் மறையும் வரை மட்டும். மேலே இருப்பதில் அப்ளை இமேஜ் திறந்து, லேயராகக் கீழே இருப்பதைக் காட்டி, பிளெண்டிங் சப்ட்ராக்ட், ஸ்கேல் 2, ஆஃப்செட் 128 கொடுத்து, லேயர் மோடை லீனியர் லைட் ஆக்குங்கள். இது 8 பிட் படத்துக்கான எண்கள். படம் பழையபடி தெரிந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள். இனி திட்டுகளைக் கீழ் லேயரில் லாஸோவால் வளைத்துப் பிளர் செய்யுங்கள், பருவை மேல் லேயரில் ஹீலிங் பிரஷ்ஷால் எடுங்கள். ஜிம்ப்பில் 'வேவ்லெட் டீகம்போஸ்' என்ற ஃபில்டரே இந்தப் பிரிப்பைச் செய்துவிடும்.

ஆனால் எல்லா முகத்துக்கும் இது தேவையில்லை. நாலு பரு மட்டும் என்றால் புது லேயரில் ஹீலிங் பிரஷ் போதும், வேலை முடிந்ததும் அந்த லேயரின் ஓபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, 70, 80 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் நன்றாக இருக்கும். போன வாரம் வந்த பரு போகட்டும், பிறந்ததிலிருந்து இருக்கும் மச்சம் இருக்கட்டும்.

கேள்வி: சார், பெண் வீட்டார் 'இன்னும் கொஞ்சம் கலர் ஏத்துங்க' என்று நிற்கிறார்கள். எவ்வளவு ஏற்றலாம்?

பதில்: எனக்குப் பிடிக்காத கேள்வி, தினமும் வரும் கேள்வி. முகத்தை மட்டும் ஏற்றினால் கழுத்தும் கையும் உண்மையைச் சொல்லிவிடும், அதைப் பார்த்துத்தான் ஊரே சிரிக்கும். பாதிப் படங்களில் பிரச்சினை நிறத்தில் இல்லை, மண்டப விளக்கின் மஞ்சளிலும் வெளிச்சக் குறைவிலும் இருக்கிறது. முதலில் கேமரா ராவில் ஒயிட் பேலன்ஸ் சரிசெய்யுங்கள். அப்புறம் வெளிச்சத்தை ஏற்றி இறக்கும் கர்வ்ஸ் லேயர் ஒன்றை லூமினாசிட்டி மோடில் வைத்து நடுப்பகுதியை லேசாகத் தூக்குங்கள், நிறம் மாறாமல் முகம் எழும்பும். மாநிறத் தோலுக்கும் கறுத்த தோலுக்கும் அழகு நெற்றியிலும் கன்னத்திலும் விழும் அந்தப் பளபளப்பில்தான் இருக்கிறது, அதை 'எண்ணெய் வழியுது' என்று துடைத்தால் முகம் தட்டையாகிவிடும். 50 சதவீதச் சாம்பல் லேயர் ஒன்றை சாஃப்ட் லைட்டில் வைத்து, மென்மையான பிரஷ்ஷால் ஏற்கெனவே ஒளி விழும் இடத்தில் கொஞ்சம் வெள்ளை தீட்டுங்கள். இப்படிச் செய்ததைக் காட்டினால் கேட்டவர்களில் பலர் 'இதுவே நல்லா இருக்கே' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கு மேலும் கேட்டால் நான் செய்வதில்லை.

கேள்வி: மொபைல் ஆப் மூக்குத்தியையும் விபூதியையும் சேர்த்து அழித்துவிடுகிறது!

பதில்: அதற்கு அவையும் கறைதான். தானாகச் செய்யும் கருவியைப் புது லேயரில் ஓட்டி, மாஸ்க் (கறுப்பு தீட்டிய இடத்தில் லேயரை மறைக்கும் திரை) போட்டு, அந்த இடங்களைக் கறுப்பால் தீட்டித் திரும்பக் கொண்டுவாருங்கள். முகத்தின் சிவப்பைக் குறைக்கும்போது குங்குமமும் சாயம்போகும், அதற்கும் இதே மருந்து.

கேள்வி: தாத்தாவின் பழைய கறுப்பு வெள்ளைப் படம், மஞ்சள் கறை படிந்திருக்கிறது. ஏஐயில் கொடுத்தால் வேறு யாரோ வருகிறார்.

பதில்: கண்ணையும் வாயையும் அது கற்பனையாக வரைகிறது, நினைவஞ்சலிப் படத்துக்கு அது ஆகாது. கறுப்பு வெள்ளையாக இருந்தாலும் கலரில், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரிந்து தெரியும் சேனல்ஸ் பேனலில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்: மஞ்சள் கறை நீலச் சேனலில் கன்னங்கரேலென்று தெரியும், சிவப்புச் சேனலில் அநேகமாக மறைந்திருக்கும். சிவப்பை மட்டும் எடுத்துக் கிரேஸ்கேலாக வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கீறல்களைக் குளோன் ஸ்டாம்ப்பால் எடுங்கள். கண்ணுக்குப் பக்கத்தில் சிறிய பிரஷ், நிறையப் பொறுமை.

கேள்வி: பாஸ்போர்ட் படத்தில் தழும்பை எடுத்துத் தரச் சொல்கிறார்கள்.

பதில்: எடுக்காதீர்கள். ஆளை அடையாளம் காணத்தான் அந்தப் படம்.

கேள்வி: ஃபோட்டோஷாப்புக்கு மாதாமாதம் பணம் கட்ட வசதியில்லை, 4 ஜிபி ராம் லேப்டாப். என்ன செய்யலாம்?

பதில்: பிரௌசரிலேயே ஓடும் ஃபோட்டோபீ இருக்கிறது, பிஎஸ்டி ஃபைலைத் திறக்கும், மேலே சொன்ன லேயர் ஸ்டைல்கள் அதிலும் உண்டு. ஜிம்ப் முழுக்க இலவசம், 2025ல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ஃபில்டர்களைப் போட்ட பிறகும் திரும்பப் போய் மாற்றலாம், முன்பு அந்த வசதி இல்லாமல்தான் பலர் ஓடிப்போனார்கள். இரண்டில் ஃபோட்டோபீயில் தொடங்குங்கள், நாளைக்குக் கடையில் ஃபோட்டோஷாப் கொடுத்தால் கை தடுமாறாது.